தேய்ஞ்ச பாதை: அமெரிக்கத் தென்மாநிலச் சிறுகதைகள்ல மதக் குறியீட்டையும் விடாமுயற்சியையும் எப்படிப் படிக்கறது, முழுமையான வழிகாட்டி

மிசிசிப்பி, ஜார்ஜியா, ஃபுளோரிடா, அலபாமான்னு அமெரிக்காவோட தெக்குப் பக்கம் எழுதின சிறுகதைகள எடுத்தா பைபிள் வராத பக்கத்த தேடித்தான் கண்டுபிடிக்கணும். அதனாலயே நம்ம ஆளுங்க இந்தக் கதைகள படிக்கும்போது ஒரு தப்பு பண்றாங்க, நானும் ரொம்ப நாள் பண்ணிட்டு இருந்தேன். முள்ளு வந்தா முட்கிரீடம், தண்ணி வந்தா ஞானஸ்நானம், பாம்பு வந்தா சாத்தான்னு மார்ஜின்ல எழுதிக்கிட்டே போறது. கடைசியில கையில ஒரு பட்டியல் இருக்கும், கதை இருக்காது. இந்த வழிகாட்டி அதுக்கு நேர் எதிர்ப்பக்கத்துல இருந்து ஆரம்பிக்குது. முதல்ல கதைமாந்தரோட கால், முதுகு, பசி, காசு இதெல்லாம் பாருங்க, குறியீடு அதுக்குள்ள இருந்து தானா எழுந்து வரும்.

பயிற்சிக்கு நான் எடுக்குறது யூடோரா வெல்டி எழுதின 'எ வோர்ன் பாத்', அதாவது தேய்ஞ்ச பாதை. 1941 பிப்ரவரி அட்லாண்டிக் மன்த்லி பத்திரிகையில வந்தது, அதே வருஷம் அவங்களோட முதல் தொகுப்புலயும் சேர்ந்துச்சு. பத்து பக்கம் கூட வராத கதை. ஒரு உக்காரல்ல முடிச்சிடலாம், அதுக்கப்புறம் இங்க வாங்க, ஏன்னா கீழ முழுக்கதையையும் சொல்லப்போறேன்.

படி 1: எழுதினவங்க எங்க நின்னு பாத்தாங்கன்னு தெரிஞ்சுக்கங்க

இது சீக்கிரம் முடியுற படிதான். வெல்டி 1909ல மிசிசிப்பி மாநிலத் தலைநகர் ஜாக்சன்ல பிறந்தவங்க, 2001ல அதே ஊர்லதான் இறந்தாங்க. 1930கள்ல பொருளாதார மந்தம் தலைய விரிச்சு ஆடினப்ப அரசாங்கத்தோட வேலைவாய்ப்புத் திட்டத்துல விளம்பரப் பிரிவுல வேலை பாத்து மாநிலம் முழுக்க சுத்தினாங்க, போற இடத்துலெல்லாம் கேமராவுல ஏழை ஜனங்கள, முக்கியமா கறுப்பின மக்கள படம் பிடிச்சாங்க. அவங்க வெள்ளைக்காரப் பெண், கதையில வர்றது கறுப்பினப் பாட்டி, இத மறக்காம வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும். இந்தக் கதை எப்படி வந்துச்சுன்னு அவங்களே பிற்காலத்துல எழுதியிருக்காங்க: குளிர்காலத்துல வெட்டவெளியில தூரத்துல ஒரு வயசான பெண் தனியா நடந்து போறத பாத்தாங்களாம், அவ்வளவுதான். அந்தப் பாட்டி எதுக்கு நடக்குறாங்கங்கற கேள்விதான் கதை.

படி 2: முதல் தடவை படிக்கும்போது பேனாவ எடுக்காதீங்க, கூடவே நடங்க

டிசம்பர் மாசக் காலை, தரையெல்லாம் உறைஞ்சு கிடக்கு. பீனிக்ஸ் ஜாக்சன்னு ஒரு ரொம்ப வயசான பாட்டி, தலையில சிவப்புத் துணி கட்டி, சர்க்கரை மூட்டைத் துணிய வெளுத்து தைச்ச ஏப்ரன் போட்டு, ஷூ லேஸ் கட்டாம, பழைய குடையில இருந்து செஞ்ச குச்சிய தரையில தட்டித் தட்டி பைன் காட்டுக்குள்ள நடக்குறாங்க. நாட்செஸ் டவுனுக்குப் போகணும். மேடு ஏறணும், முள்ளுச்செடியில பாவாடை மாட்டிக்குது, ஓடைக்கு மேல கிடக்குற மரக்கட்டைய கண்ண மூடிக்கிட்டு தாண்டணும், முள்கம்பி வேலிக்கு அடியில குழந்தை மாதிரி தவழணும். காய்ஞ்ச பருத்திக் காடு, அப்புறம் சோளக்காடு, அங்க ஆவின்னு நினைச்சு கிட்ட போனா சோளக்கொல்லை பொம்மை. ஒரு கறுப்பு நாய் வந்து பள்ளத்துல தள்ளிவிடுது. வெள்ளைக்கார வேட்டைக்காரப் பையன் தூக்கிவிடுறான், அப்புறம் துப்பாக்கிய நீட்டிக் காட்டுறான். கடைசியில டவுன், டாக்டர் ஆபீஸ். பேரன் ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி லை குடிச்சிட்டான், சோப்பு காய்ச்சவும் துடைக்கவும் வீட்டுல வச்சிருப்பாங்களே அந்தக் காரம், தொண்டை வெந்துபோச்சு, அப்பப்ப அடைச்சுக்கும், அதுக்கு மருந்து வாங்கத்தான் இந்த நடை.

இந்த லை விஷயத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா நிறைய பேர் இத கதைக்காக வச்ச சோகம்னு தாண்டிப் போயிடுறாங்க. அந்தக் காலத்து அமெரிக்க வீடுகள்ல குழந்தைங்க லைய குடிச்சு உணவுக்குழாய் சுருங்கிப்போறது நெசமாவே பெரிய பிரச்சினையா இருந்துச்சு, செவாலியர் ஜாக்சன்னு ஒரு தொண்டை டாக்டர் பல வருஷம் போராடி அதனால 1927ல காரப் பொருள் டப்பாவுல விஷம்னு லேபிள் ஒட்டணும்னு ஃபெடரல் சட்டமே வந்துச்சு. ஆனா லேபிள படிக்கத் தெரியாத வீட்டுல லேபிள் இருந்து என்ன? பாட்டி பள்ளிக்கூடம் போனதே இல்ல, 'சரண்டர் நடந்தப்பவே எனக்கு வயசு கடந்துபோச்சு'ங்கற மாதிரி சொல்றாங்க. சரண்டர்னா 1865, உள்நாட்டுப் போர்ல தென்மாநிலப் படை சரணடைஞ்சது. கணக்கு போட்டுப் பாருங்க, அடிமையா பிறந்தவங்க, வயசு தொண்ணூறத் தாண்டி இருக்கணும்.

படி 3: ரெண்டாவது தடவை, ஒவ்வொரு தடையிலயும் அவங்க என்ன இழக்க பயப்படுறாங்கன்னு பாருங்க

இப்ப பேனா எடுக்கலாம். ஒவ்வொரு தடைக்கும் பக்கத்துல அங்க எது போயிடும்னு அவங்க கவலப்படுறாங்கன்னு மட்டும் எழுதுங்க. முள்ளுச்செடியில சிக்கினப்ப கவலை பாவாடை கிழிஞ்சிடக் கூடாதுங்கறது. வேலிக்கு அடியில போகும்போதும் அதேதான், கூடவே கையோ காலோ மாட்டி வெட்டி எடுக்க வேண்டி வந்தா அதுக்குக் காசு குடுக்க முடியாதேங்கற கணக்கும் ஓடுது. இந்தக் கணக்க கவனிச்சாதான் விடாமுயற்சின்னா இந்தக் கதையில என்னன்னு பிடிபடும். மன உறுதி, லட்சியம் மாதிரி பெரிய வார்த்தை எதையும் பாட்டி சொல்றதே இல்ல. கிழியாத பாவாடை, உடையாத கால், இதுதான் அவங்ககிட்ட இருக்குற சொத்து, அத பத்திரமா டவுனுக்குக் கொண்டுபோய் சேக்கணும்.

மேடு ஏறும்போது ஒரு வரி வரும், இந்த இடத்துக்கு வந்தா கால்ல சங்கிலி கட்டின மாதிரி இருக்குன்னு. வழக்கமா இத பாவச் சுமைன்னு எழுதுவாங்க. எனக்கு அது பத்தல. பாட்டி வீடு பழைய நாட்செஸ் ட்ரேஸ் பக்கம் உள்ள தள்ளி இருக்கு. நாட்செஸ்ல இருந்து நாஷ்வில் வரைக்கும் போற அந்த வழி முதல்ல பூர்வகுடிகளோட பாதை, இப்ப அதையொட்டி 444 மைல் நீளத்துக்கு பார்க்வே ரோடு இருக்கு. அதே வழியில அடிமைகள சங்கிலியில கோத்து நாட்செஸ் சந்தைக்கு நடத்திக் கூட்டிட்டு வந்திருக்காங்க, தெக்குலயே ரொம்பப் பெரிய அடிமைச் சந்தைகள்ல ஒண்ணு அங்கதான் இருந்துச்சு. அந்தப் பக்கம் நடக்குற ஒரு முன்னாள் அடிமையோட வாயில சங்கிலிங்கற வார்த்தை வந்தா முதல்ல அது இரும்புச் சங்கிலி. பாவச் சங்கிலின்னு படிக்கறது தப்பில்ல, ஆனா இரும்ப தாண்டிட்டு அங்க போகக் கூடாது.

படி 4: பைபிள பக்கத்துல வைங்க, தமிழ் பைபிளையும் சேத்து

இங்க தமிழ் வாசகருக்கு ஒரு உதவி இருக்கு, நிறைய பேர் அத பயன்படுத்துறதே இல்ல. மரக்கட்டைய தாண்டறதுக்கு முன்னாடி பாட்டி சொல்றது 'இப்ப வருது ட்ரையல்' அப்படின்னு, ட்ரையல்னா சோதனை. ரோமர் 5ம் அதிகாரம் 3, 4ம் வசனத்த தமிழ் பைபிள்ல எடுத்துப் பாருங்க, உபத்திரவம் பொறுமைய உண்டாக்குது, பொறுமை பரீட்சைய, பரீட்சை நம்பிக்கைய. பரீட்சைங்கற அந்த வார்த்தை மரக்கட்டை மேல அப்படியே உக்காருது. முள்ளுச்செடிகிட்ட அவங்க கோவப்படாம, உனக்கு விதிச்ச வேலைய நீ செய்யுறேங்கற மாதிரி பேசுவாங்க. அங்க முட்கிரீடத்துக்கு ஓடாதீங்க, 2 கொரிந்தியர் 12ல பவுல் சொல்ற மாம்சத்துல குடுக்கப்பட்ட முள்ளு இன்னும் கிட்ட வருது, ஏன்னா ரெண்டு பேருமே முள்ளயும் யாரோ ஒரு வேலைக்காக வச்சதாதான் பாக்குறாங்க.

மேடு, ஓடை, வேலி, நாய், நகரம்னு வரிசையா வர்ற அமைப்பு ஜான் பன்யன் 1678ல எழுதின மோட்சப் பயணக் கதையோட எலும்புக்கூடு. தமிழ்ல எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894ல 'இரட்சணிய யாத்திரிகம்'னு காப்பியமா பாடினது இதே பயணத்தத்தான். அத தெரிஞ்சவங்களுக்கு பாட்டியோட பாதை சட்டுனு பழகின ஊர் மாதிரி ஆயிடும். ஒரு பெரிய வித்தியாசம் மட்டும் கவனிங்க: பன்யனோட யாத்திரிகன் பெண்டாட்டி பிள்ளைய விட்டுட்டு மோட்சத்துக்கு ஓடுறான், ஒரே தடவை. பீனிக்ஸ் பாட்டி பேரனுக்காகப் போறாங்க, திரும்பி வர்றாங்க, மறுபடி போறாங்க. மோட்சம் அவங்க போற வழியில இல்ல.

இதுக்கெல்லாம் மேல இந்தக் கதையில எனக்கு உயிரான வார்த்தை 'சாரிட்டி'. டாக்டர் ஆபீஸ் உள்ள நுழைஞ்சதும் கவுண்டர்ல இருக்குற பெண் இது சாரிட்டி கேஸ் போலன்னு சொல்றா. அப்புறம் நர்ஸ் மருந்த குடுத்துட்டு புத்தகத்துல எதையோ டிக் பண்ணி மறுபடியும் சாரிட்டின்னு சொல்றா. அலுவலக அர்த்தம் தர்மக் கணக்கு, காசு இல்லாத ஆளு. ஆனா தெக்கு ஜனங்க காதுல ஊறிப்போன கிங் ஜேம்ஸ் பைபிள்ல 1 கொரிந்தியர் 13ம் அதிகாரம் முழுக்க அன்புக்குப் போட்டிருக்குற வார்த்தை இதேதான். தமிழ் பைபிள்ல 'அன்பு'ன்னு இருக்கறதால நமக்கு இந்தத் தொடர்பு கண்ணுக்கே தெரியாது. அன்பு நீடிய சாந்தம் உள்ளது, சகலத்தையும் தாங்கும், சகலத்தையும் சகிக்கும்னு நாம கல்யாண வீட்டுல கேட்ட அதே அதிகாரம். ரெஜிஸ்டர்ல ஏளனமா விழுந்த வார்த்தை, அவங்களுக்கே தெரியாம, வாசல்ல நிக்கிற பாட்டிய சரியா பேர் சொல்லி கூப்பிட்டிருக்கு. மதக் குறியீடும் விடாமுயற்சியும் வேற வேற தலைப்பா பரீட்சைக்கு வரலாம், இந்த ஒரு வார்த்தையில ரெண்டும் ஒண்ணாயிடுது.

படி 5: ஒரே ஒரு பொருள எடுத்து முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் துரத்துங்க

பீனிக்ஸ்ங்கற பேர பாத்ததும் சாம்பல்ல இருந்து எழுந்து வர்ற பறவை, உயிர்த்தெழுதல், முடிஞ்சுதுன்னு புத்தகத்த மூடிடாதீங்க. முதல் நூற்றாண்டோட கடைசியிலயே ஆதிச் சபைத் தலைவர் ரோமாபுரி கிளமெந்து தன் நிருபத்துல இந்தப் பறவைய உயிர்த்தெழுதலுக்கு சாட்சியா காட்டியிருக்காரு, அதனால கிறிஸ்தவ அர்த்தம் பழசுதான், சரிதான். ஆனா பேர் ஒரு தடவைதான் குறியீடு, கதைக்குள்ள பறவை எத்தன தடவை வருதுன்னு எண்ணுங்க. குச்சி தரையில படுற சத்தம் தனியா இருக்குற சின்னப் பறவை கீச்சிடுற மாதிரி. பள்ளத்தாக்குல புறா கூவுது. மரத்துல பிணந்தின்னிக் கழுகு உக்காந்திருக்கு, யார பாக்குறேன்னு பாட்டி அதட்டுறாங்க. காடைங்க நடந்து போகுது. வேட்டைக்காரன் பையில செத்த காடை ஒண்ணு அலகு வளைஞ்சு தொங்குது. கடைசியில பேரன், போர்வைக்குள்ள இருந்து வாயத் திறந்துக்கிட்டு எட்டிப் பாக்குற பறவைக்குஞ்சு மாதிரி இருப்பான்னு அவங்களே சொல்றாங்க. இப்படி துரத்திட்டு வந்தா செத்த காடையும் வாயத் திறந்த பேரனும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும், வயித்துக்குள்ள ஒரு பயம் வரும். அந்தப் பயம் வந்தாதான் குறியீடு வேலை செஞ்சுதுன்னு அர்த்தம்.

நடுவுல இன்னொரு பறவைய விட்டுட்டேன், அது தனி படி.

படி 6: கதைமாந்தர் தப்பு பண்ற இடத்த தேடுங்க

வேட்டைக்காரன் பாக்கெட்ல இருந்து அஞ்சு சென்ட் நாணயம் ஒண்ணு கீழ விழுது. பாட்டி பாத்துடுறாங்க. நாய் பக்கம் அவன் கவனத்த திருப்பி அனுப்பிட்டு மெதுவா குனிஞ்சு, அடைகாக்குற கோழிக்கு அடியில இருந்து முட்டைய எடுக்குற பக்குவத்தோட அந்த நாணயத்த எடுத்து ஏப்ரன் பையில போடுறாங்க. அந்த நேரம் ஒரு பறவை பறந்து போகுது. கடவுள் பாத்துட்டே இருந்தாரு, நான் திருடுற நிலைமைக்கு வந்துட்டேன்னு அவங்க வாய் முணுமுணுக்குது. திருப்பிக் குடுக்கல.

இந்த இடத்த மழுப்பாம படிங்க. புனிதவதின்னு முடிவு பண்ணினவங்களுக்கு இது இடிக்கும், வெறும் ஏழ்மைன்னு சொல்றவங்களுக்கு கடவுள் பாத்தாருங்கற வரி இடிக்கும். அவங்களுக்குப் பாவம்னு தெரியுது, வேணும்னும் தெரியுது, ரெண்டையும் சேத்து பையில போட்டுக்கிட்டு நடக்குறாங்க. பையன் அடுத்த நிமிஷமே துப்பாக்கிய அவங்க மேல நீட்டி, பயமா இல்லையான்னு கேக்குறான். இதவிட சின்ன விஷயத்துக்கே கிட்டத்துல நிறைய வெடிச்சு பாத்திருக்கேன்னு பதில். அதுக்கப்புறம் காசு இருந்தா உனக்குக் குடுத்திருப்பேன்னு வேற சொல்றான். காசு பாட்டி பையில இருக்கு! தப்பு செஞ்சது யாருங்கற கேள்விய ஆசிரியர் நம்ம மேல போட்டுட்டு ஒண்ணும் சொல்லாம போயிடுறாங்க.

படி 7: 'பேரன் செத்துட்டானா?'

டாக்டர் ஆபீஸ்ல பேரன் எப்படி இருக்கான்னு நர்ஸ் கேக்கும்போது பாட்டி ரொம்ப நேரம் பேசாம சிலை மாதிரி உக்காந்திருப்பாங்க, எதுக்கு வந்தோம்னே மறந்துபோச்சு. அதனால பேரன் எப்பவோ செத்துட்டான், இவங்க பழக்கத்துல வந்துட்டு இருக்காங்கன்னு ஒரு வாசிப்பு உண்டு. வெல்டிக்கு மாணவர்களும் வாத்தியார்களும் அதிகமா எழுதிக் கேட்ட கேள்வியே இதுதான்னு 1974ல ஒரு கட்டுரையில பதில் சொன்னாங்க. பாட்டி உயிரோட இருக்காங்கங்கறதுதான் முக்கியம், கதையோட பொருள் ஆழமா ஊறிப்போன அன்போட பழக்கம், காரணம் ஒரு நிமிஷம் மறந்தாலும் அந்தப் பழக்கம் வழிய மறக்காதுங்கறது அவங்க பதிலோட சாரம். எனக்கும் அதுதான் சரின்னு படுது. கேள்விய அப்படியே வச்சுக்கிட்டு பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்கிட்ட போய்ப் பாருங்க, அவர் கேட்டு எழுதின பீனிக்ஸ் ஐநூறு வருஷத்துக்கு ஒருக்க, செத்த அப்பாவ வெள்ளைப்போள முட்டைக்குள்ள வச்சு சூரியன் கோயிலுக்குத் தூக்கிட்டு வரும். தவணை தவறாம, தன் ரத்தத்துக்காக சுமந்துட்டு வர்ற பறவை. வெல்டி மனசுல இது இருந்துச்சுன்னு நான் அடிச்சுச் சொல்லல, பாட்டி கடிகாரம் மாதிரி தவணை தவறாம வருவாங்கன்னு நர்ஸ் சொல்றது மட்டும் கதையில இருக்கு.

படி 8: அதே கண்ணாடிய இன்னும் ரெண்டு கதைக்குப் போட்டுப் பாருங்க

ஒரே கதையில கத்துக்கிட்டது அந்தக் கதைக்கு மட்டும் பொருந்துதான்னு சோதிக்கணும், அதுவும் எதிர்த்து நிக்கிற கதையா பாத்து எடுக்கணும்.

முதல்ல சோரா நீல் ஹர்ஸ்டனோட 'ஸ்வெட்', 1926ல ஃபயர்ங்கற பத்திரிகையில வந்தது, அந்தப் பத்திரிகை வந்ததே ஒரே இதழ்தான். டீலியா ஃபுளோரிடாவுல வெள்ளைக்காரங்க துணிய துவைச்சுப் பிழைக்குறா, பதினஞ்சு வருஷமா அடிக்குற புருஷன், அவ வேர்வையில வந்த வீட்டுலயே இன்னொருத்திய கொண்டுவந்து வைக்கப் பாக்குறவன். இயேசு பாடுபட்ட கெத்செமனேயும் கல்வாரியும் பேர் சொல்லியே வருது, பாம்பும் நெசப் பாம்பா, சாரைகூட இல்ல, விரியன் இனத்து கிலுகிலுப்பைப் பாம்பா ஒரு பெட்டிக்குள்ள வருது. அவன் அவளுக்கு வச்ச பாம்பு அவனையே கடிக்குது. அவ உதவிக்குப் போகாம மரத்தடியில நிக்குறா. இங்க படி 6ஐ போட்டுப் பாருங்க: சகலத்தையும் சகிச்ச ஒருத்தி கடைசியில எத சகிக்கல? சர்ச்சுக்குப் போய் பாட்டு பாடிட்டு வந்த அதே ராத்திரிதான் இது நடக்குது. வெல்டி கதையில பொறுமை அன்பா கனிஞ்சுது, இங்க அது கல்லா இறுகுது, ரெண்டுக்கும் ஒரே வேதம். கறுப்பினப் பெண்ணே எழுதின கதைங்கறதயும் வெல்டிக்குப் பக்கத்துல வச்சு யோசிங்க. ஹர்ஸ்டன் காட்டுற கோவம் பீனிக்ஸ் பாட்டிகிட்ட ஏன் இல்லைங்கற கேள்விக்கு, அது யாரோட பார்வையில எழுதினதுங்கறதும் ஒரு பதில்.

அடுத்தது ஃப்ளானரி ஓ'கானர், ஜார்ஜியாக்காரங்க, புராட்டஸ்டன்ட் ஊருக்கு நடுவுல கத்தோலிக்கர், லூபஸ் நோயோட பன்னிரண்டு வருஷத்துக்கு மேல வாழ்ந்து 1964ல 39 வயசுல இறந்தாங்க. அந்த வருஷம் வந்த 'ரெவலேஷன்' கதையில டாக்டர் ஆபீஸ் வெயிட்டிங் ரூம்ல ஒரு அம்மா உக்காந்து, தன்ன நல்ல குடும்பத்துல பிறக்க வச்சதுக்கு இயேசுவுக்கு நன்றி சொல்லிட்டு இருக்காங்க. ஒரு காலேஜ் பொண்ணு புத்தகத்த அவங்க முகத்துலயே எறியுறா, பன்னியேன்னு திட்டி நரகத்துக்குப் போகச் சொல்றா. சாயங்காலம் அந்தம்மா பன்னித் தொட்டிய கழுவிக்கிட்டே கடவுள்கிட்ட சண்டை போடுறாங்க, அப்ப வானத்துல ஒரு ஊர்வலம் தெரியுது, அவங்க கேவலமா நினைச்ச ஜனமெல்லாம் ஆடிப்பாடி முன்னாடி போகுது, அவங்க மாதிரி ஆளுங்க வரிசையில கடைசி. இங்க விடாமுயற்சி மனுஷங்ககிட்ட இல்ல, துரத்துறது கடவுள். பீனிக்ஸ் பாட்டிக்குப் போட்ட கண்ணாடி இங்க மங்கலா தெரிஞ்சா கண்ணாடி சரியாத்தான் இருக்கு, கதைதான் வேற.

படி 9: எழுத உக்காரும்போது

கட்டுரையோ அசைன்மென்ட்டோ, ஒரே ஒரு பொருள எடுங்க. அது கதையில வர்ற மூணு இடம், அதுக்கு ஒத்துவர்ற ஒரே ஒரு வசனம், உங்க வாதத்துக்கு இடிக்குற ஒரு இடம், இவ்வளவு போதும். உதாரணத்துக்கு கடைசியில வர்ற பேப்பர் காத்தாடி, பறக்க விடுற பட்டம் இல்ல, குச்சியில சுத்துற பொம்மை. கவுண்டர்ல இருக்குற பெண் தர்ற அஞ்சு சென்ட்டும் எடுத்த அஞ்சு சென்ட்டும் சேந்து பத்து சென்ட், அதுல பேரனுக்கு ஒரு காத்தாடி வாங்கி கையில நிமித்திப் பிடிச்சிட்டுப் போகப்போறேங்கறாங்க பாட்டி. கிறிஸ்துமஸ் நேரம், ஞானிகள் கொண்டுபோன காணிக்கைன்னு எழுத கை பரபரக்கும். எழுதுங்க, ஆனா பாதிக் காசு திருட்டுக் காசுங்கறதையும் அதே பத்தியில எழுதணும், அது இல்லாம அந்தக் காணிக்கைக்கு எடையே இல்ல.

கடைசி வரிய சத்தமா ஒரு தடவை படிங்க. படியில அவங்க மெதுவா இறங்குற சத்தத்தோட கதை நின்னுடுது. அப்புறம் முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய், தடைகளோட வரிசைய தலைகீழா எழுதிப் பாருங்க: நாய், சோளக்காடு, முள்கம்பி வேலி, ஓடைக்கட்டை, முள்ளுச்செடி, மேடு. இந்தத் தடவை ஒரு கையில குச்சி, இன்னொரு கையில காத்தாடி, பொழுதும் சாய ஆரம்பிச்சிருக்கும்.